கைப்பணம் நில்

ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டை விட்டு வண்டி வெளியே வந்து இரண்டு கிலோமீட்டர்கூடப் போயிருக்காது, மாறாந்தைக்கு ஒரு டிக்கெட் என்று ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினான் ஒரு புண்ணியவான். பன்னிரண்டு ரூபாய் டிக்கெட்டுக்கு ஐந்நூறு நீட்டுகிறவர்களை எந்த நரகத்தில் போடுவார்களோ தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டே, சில்லறை எண்ணுவதற்காகக் கண்டக்டர் ஆவுடையப்பன் சீட்டுக் கம்பியில் தொடையை அண்டக்கொடுத்து நின்றான். தொடையில் கெட்டியாக ஏதோ உறுத்தியது. உறுத்தியதும் முதலில் மனசுக்குள் ஒரு குளுமைதான் ஓடியது, இருக்கு, பத்திரமா இருக்கு, கால்சட்டைப் பைக்குள் மஞ்சள் கவரில் ரப்பர் பேண்டு போட்டு முப்பத்தெட்டாயிரத்து நானூறு. அந்தக் குளுமை வயிற்றுக்கு இறங்குவதற்குள் அங்கே வேறொன்று ஏறி வந்தது. வே பில்லில் என்ன எழுதினோம்? டூட்டிக்கு ஏறும்போது டிப்போவில் கொடுக்கிற அன்றைய கணக்குத் தாள் அது. தலைமாட்டில் ஒரு சின்னக் கட்டம், கைப்பணம் என்று போட்டிருக்கும். வண்டிக் காசு வேறு, உன் சொந்தக் காசு வேறு, சொந்தமாக மடியில் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று ஏறுவதற்கு முன்னாலேயே எழுதிவிடு. எழுதாத காசு உன் காசு இல்லை. வழியில் செக்கிங் ஏறி எண்ணும்போது டிக்கெட் மிஷின் சொல்கிற வசூலுக்கு மேல் ஒரு ரூபாய் இருந்தாலும் அது பயணியிடம் வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுக்காத காசு. இங்கிலீஷ்காரன் போய் எத்தனையோ காலம் ஆகியும், அந்தக் கட்டத்தில் ஒன்றுமில்லை என்று எழுதுகிற கண்டக்டர் ஒருவனும் கிடையாது, எல்லாரும் எழுதுவது நில் என்றுதான். தமிழில் படித்தால் ஏதோ போலீஸ்காரன் அதட்டுகிற மாதிரி இருக்கும். இருபத்திரண்டு வருஷமாக ஆவுடையப்பனும் அதைத்தான் எழுதி வருகிறான். இன்றைக்கும் அதைத்தான் எழுதினான். எழுதும்போது இதே கவர் இதே தொடையில் உறுத்திக்கொண்டுதான் இருந்தது, ஆனால் எழுதினது அவன் இல்லை, கை. பாவி கை. கிளார்க் பேப்பரை நகர்த்தினான், கை பேனாவை எடுத்தது, நில், கீழே ஒரு கையெழுத்து, அடியில் கார்பன் காப்பி டிப்போவிலேயே தங்கிவிட்டது, இவன் பாட்டுக்கு விசிலை ஊதிக்கொண்டு வந்துவிட்டான்.

"மீதி தாரும்யா, எறங்கணும்லா" என்றான் புண்ணியவான். நானூற்றி எண்பத்தெட்டு. எண்ணிக் கொடுத்தான். சரியாகத்தான் எண்ணினான், கணக்கில் அவன் கை என்றைக்கும் தப்பியதில்லை, எழுத்தில்தான் தப்பிவிட்டது. அதற்கும் கையைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. முதல் பதினாறு வருஷம் நில் என்று எழுதினது சத்தியமாக நில்தான். சம்பளம் வாங்கின மூன்றாம் நாள் மடியில் தூசிகூட இருக்காது. அது குடித்த நில். பிறகு குடியை விட்ட ஐந்து வருஷம் நாலு மாசமும் நில்தான், ஆனால் இது வேறு நில். கையில் காசு இருந்தால் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும் என்று அவனேதான் பெண்டாட்டி உலகம்மாளிடம் சொன்னான், ஏட்டி, எங்கிட்ட ஒத்த ரூவா குடுக்காத, சம்பளத்தை நீயே வாங்கு, பேட்டாவை நீயே வாங்கு, டீ வழியில கெடைக்கும், சாப்பாடு வண்டி நிக்கிற ஓட்டல்ல கெடைக்கும். வெறும் பைதான் மருந்து. டாக்டர் கொடுத்த மாத்திரையைக்கூட அவன் மூன்று மாசத்தில் நிறுத்திவிட்டான், வெறும் பையை நிறுத்தவில்லை. குடியை விட்டால் காசு மிஞ்சும் என்கிறார்களே, சொன்னவன் ஒருவனும் குடித்துவிட்டு விட்டவன் இல்லை. குடிகாரனிடம் கடன்காரன் வரமாட்டான், வந்து என்ன செய்ய, கல்லில் நார் உரிக்கவா. இவன் தெளிந்துவிட்டான் என்று தெரிந்ததும் வந்தார்கள் பார், சுவருக்குள்ளிருந்து கறையான் வருகிற மாதிரி. எந்தக் காலத்திலோ வாங்கின கைமாற்று, கறிக்கடை பாக்கி, சொசைட்டி லோன், இவன் மறந்தே போன ஒரு மாமன். "மாப்ள, நீ நல்லா இருக்கேன்னு கேள்விப்பட்டேன்" என்று சிரித்துக்கொண்டே வருவான். நல்லா இருப்பதற்கு இரண்டு வருஷம் அபராதம் கட்டினான் ஆவுடையப்பன். அந்த இரண்டு வருஷமும் நாக்கு இனிப்புக்கு அலையும், உலகம்மாள் டப்பாவில் வைக்கிற சீனி வாரத்தில் காலி. அதையும் செலவில்தான் சேர்க்கவேண்டும்.

மூன்றாவது வருஷம்தான் அவள் அந்த ஏற்பாட்டைத் தொடங்கினாள். ஒரு நாளைக்கு ஒரு குவாட்டர், தொட்டுக்கொள்ள ஒரு அவித்த முட்டை, ஒரு தண்ணீர் பாக்கெட், இதற்கு என்ன ஆகுமோ அதைத் தினமும் டூட்டிக்குக் கிடைக்கிற பேட்டாவில் கழித்துத் தனி டப்பாவில் போட்டுவிடுவாள், மாசக் கடைசியில் தபாலாபீஸ். விலை என்ன என்று அவனிடம் கேட்கமாட்டாள், கேட்டால் அவனுக்கு நாக்கில் ஊறும் என்று பயம். பேப்பரைப் பார்த்துக்கொள்வாள். "குவாட்டருக்குப் பத்து ரூவா கூட்டிருக்கானாம்லா" என்று ஒருநாள் காலையில் சொன்னாள். அதைச் சொல்லுகிற பெண் வேறு எங்கே இருப்பாள் என்று அவனுக்குச் சிரிப்பாக வந்தது. அன்றிலிருந்து டப்பாவிலும் பத்து ரூபாய் கூடியது. அரசாங்கம் விலை ஏற்றினால் ஊரெல்லாம் குடிகாரன் திட்டுவான், அவன் வீட்டில் மட்டும் சேமிப்பு ஏறும். அப்படிச் சேர்ந்ததில் பெரும்பாலும் மகள் வினோதினியின் நர்சிங் காலேஜுக்குப் போயிற்று. மிஞ்சினது இந்தக் கவர். இந்தக் கவர் பல்லுக்கு. பல் என்றால் அவன் பல் இல்லை, உலகம்மாள் பல், மேல்வரிசையில் முன்பல் இரண்டு. நினைக்கக் கூடாது என்று வைத்திருக்கிற இடத்துக்கு மனசு எவ்வளவு சுருக்கான வழியில் வந்துவிடுகிறது. பல் போன அன்றைக்கு மகள் சித்தி வீட்டில் இருந்தாள். கூட்டுச்சட்டி வாசலில் கவிழ்ந்து கிடந்தது. ஏன் கவிழ்ந்தது, யார் கவிழ்த்தது, அது இன்றுவரை ஞாபகம் வரவில்லை, ஞாபகம் இருப்பது தன் கைமுட்டியின் வலி மட்டும்தான், அதுவும் மறுநாள் காலையில். குழாயடியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று அவள் தெருவுக்குச் சொன்னாள், தன் தாய்க்குச் சொன்னாள், மகளுக்கும் அதையே சொன்னாள். சொல்லும்போது பக்கத்தில் நின்று இவனும் ஆமா ஆமா, பாசி பிடிச்சுக் கெடக்கு என்றான். அந்த ஆமாவுக்கு இன்னும் கூலி வரவில்லை. பல் போன மறுநாளே குடியை விட்டான் என்றால் கதை அழகாக இருக்கும். விடவில்லை. அதற்குப் பிறகும் ஏழு மாசம் குடித்தான். விட்டது எதனால் என்றால் கேட்கிறவன் சிரிப்பான், கையில் எழுபது ரூபாயை வைத்துக்கொண்டு கட்டிங்குக்கு ஆள் தேடி இரண்டு மணி நேரம் கடை வாசலில் நின்றான். ஒரு குவாட்டரை இரண்டு பேர் காசு போட்டு வாங்கி நட்டநடுவில் பிரித்துக்கொள்வதுதான் கட்டிங், முன்பின் தெரியாதவனோடுகூடச் செய்யலாம். அன்றைக்கு ஒருவனும் அவனோடு சேரவில்லை. ஆவுடையப்பன் பாதிக் கோட்டைத் தாண்டி ஊற்றுவான் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. குடிகாரனே நம்பாத குடிகாரன். அந்த எழுபது ரூபாயோடு வீட்டுக்கு வந்து படுத்தவன்தான், மூன்று நாள் ஆஸ்பத்திரியில் நடுங்கிக் கிடந்து எழுந்தான்.

இரண்டு பல் போனால் இரண்டு பல் கட்டினால் போதாதாம். பக்கத்துப் பல் இரண்டையும் ராவிச் சிறிதாக்கி நாலாகச் சேர்த்துத்தான் கட்டவேண்டுமாம், அப்போதுதான் தாங்குமாம். இது என்ன கந்துவட்டிக் கணக்கா என்று அவன் கேட்டதற்கு அந்த டாக்டர் பிள்ளை சிரித்தது. உலகம்மாள் சிரிக்கவில்லை, சிரித்தாலும் முந்தானை வாய்க்குப் போய்விடும், ஆறு வருஷமாக அவள் வாயும் முந்தானையும் சேர்ந்தேதான் சிரிக்கின்றன. எனக்கெதுக்கு இந்த வயசுல, பிள்ளைக்கு ரெண்டு கம்மல் எடுப்போம் என்று தள்ளிக்கொண்டே இருந்தவள், போன மாசம் ஏதோ ஒரு நினைப்பில் சரி என்றாள். இன்றைக்கு நாள் குறித்தாகிவிட்டது. காலை வண்டியிலேயே மகளைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போய் டோக்கன் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கவரையும் அவளே கொண்டுபோயிருக்கலாம், அதுதான் வழக்கம், அதுதான் ஒழுங்கு. இவன்தான் கேட்டான். விடியற்காலையில் அவள் கவரை ஜாக்கெட்டுக்குள் வைக்கப் போகும்போது, "உலகு, இதை நான் கொண்டாந்து கட்டுதேன். கவுண்டர்ல என் கையால கட்டணும்" என்றான். அவள் உடனே தரவில்லை. அந்த இடைவெளி இருக்கிறதே, அடுப்பில் பால் பொங்கி வழிகிற அளவுக்கு நீண்டது. பாலை இறக்கிவிட்டு வந்தாள். கவரை அவன் கையில் வைத்தாள். வைத்துவிட்டு விரலை உடனே எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள். ஐந்து வருஷம் நாலு மாசத்தில் முதல் காசு. இப்போது அந்தக் காசுக்குத்தான் நில் என்று எழுதி வைத்திருக்கிறான். செக்கிங் ஏறினால் வேலை போகாது, மெமோ வரும், விசாரணை வரும், அதை எழுதித் தீர்த்துவிடலாம். ஆனால் கவரை சீல் வைத்து டிப்போவுக்கு எடுத்துப் போய்விட்டால்? மூன்று மாசமோ ஆறு மாசமோ அது இரும்புப் பெட்டியில் கிடக்கும். பணம் கட்டவேண்டிய நாலு மணிக்கு கவுண்டர் முன்னால் இவன் வெறும் கையோடு போய் நிற்பான். உலகு, எழுத மறந்துட்டேன், பிடிச்சுட்டாங்க. அவள் தலையாட்டுவாள். ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். அவன் வாய்க்குப் பக்கமாகக் கொஞ்சம் வந்து, மூக்கால் லேசாக மோந்து பார்ப்பாள். அந்த மோப்பத்தை நினைத்ததும் ஆவுடையப்பனுக்கு நெஞ்சுக்குள் ஒரு பயம் பிடித்தது, வேலை போனால்கூட வந்திருக்காத பயம்.

ஒன்றும் ஆகாது. தினமுமா செக்கிங் நிற்கிறான்? வாரத்தில் ஒருநாள், இரண்டுநாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை பெரும்பாலும் கடையம் பக்கம்தான் போவார்கள் என்று அவன் தனக்குத்தானே சொல்லி முடிக்கவில்லை, எதிரே ஒரு வண்டி வந்தது, அதன் டிரைவர் ஜன்னலுக்கு வெளியே இடது உள்ளங்கையை விரித்து அதில் வலதுகை விரலால் எழுதிக் காட்டிக்கொண்டே போனான். ஸ்டியரிங்கை ஒரு நொடி தொடையால் பிடித்துக்கொண்டுதான் இந்தச் சேவை. முன்னால் செக்கிங் நிற்கிறது என்று அர்த்தம், கண்டக்டர்களுக்கெல்லாம் சாமி வாக்கு மாதிரி. டிரைவர் மாசானம் கண்ணாடியில் இவனைப் பார்த்து, "மாப்ள, சீதபற்பநல்லூர்ல நிக்கானுவ போலுக்கு. எல்லாம் போட்டாச்சா?" என்றான். டிக்கெட் எல்லாம் போட்டாகிவிட்டது, டிக்கெட்டில் ஒரு குறையும் இல்லை. "போட்டாச்சு" என்றான். மாசானத்திடம் கவரைக் கொடுத்துவிடலாம், டிரைவர் மடியை எவனும் பார்க்கமாட்டான், சீட்டுக்கு அடியில் துணிப்பைக்குள் போட்டால் முடிந்தது. நாலு எட்டு வைத்தால் டிரைவர் சீட்டு. மாசானம் பத்து வருஷக் கட்டிங் கூட்டாளி, சம்பந்தி உறவைவிடக் கெட்டி. இன்னமும் குடிக்கிறான், ஆனால் டூட்டியில் தொடமாட்டான். முப்பத்தெட்டாயிரத்தை அவனிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? திருநெல்வேலியில் வாங்கும்போது எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியுமா? எண்ணினால் அவன் மனசு என்ன பாடுபடும்? இப்படி யோசித்ததும் ஆவுடையப்பனுக்கு வெட்கமாகிவிட்டது. அவனை எண்ணிப் பார்க்க நான் யார், என்னைத்தான் ஊரே இரண்டு தடவை எண்ணிப் பார்த்தது. சரி, வேண்டாம். கத்தரிக்காய்ச் சாக்கை வைத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் உட்கார்ந்திருக்கிற இந்த அம்மாளிடம் கொடுத்தால்? ஆத்தா, இதைக் கொஞ்சம் சாக்குக்குள்ள போட்டு வச்சுக்கோ. அவள் பேட்டையில் இறங்குகிறவள். ஏன் எதற்கு என்று கூச்சல் போட்டு நாலு பேரைக் கூட்டினால்? வே பில்லை எடுத்து, நில்லுக்கு முன்னால் முப்பத்தெட்டாயிரம் என்று சேர்த்து எழுதினால்? கார்பன் காப்பி டிப்போவில் இருக்கிறதே, அப்புறம் மறதி என்பது போய் ஃபோர்ஜரி ஆகிவிடும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் வசூல் பையில் நானூற்றிப் பன்னிரண்டு குறைந்தது. இரண்டு ட்ரிப்புக்கு நடுவில் பைக் காசில் குடித்துவிட்டு, அடுத்த ட்ரிப்பில் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தவனை நடுவழியில் எண்ணிவிட்டார்கள், ஒரு மாசம் சஸ்பெண்டு. ஃபைலில் அது இன்னும் உட்கார்ந்திருக்கும். குடித்தபோது குறைந்தது, குடிக்காதபோது கூடியிருக்கிறது, எப்படிப் பார்த்தாலும் ஆவுடையப்பன் கணக்கு மட்டும் சரியாக நிற்காது போல.

மாறாந்தையில் மூன்று பேர் இறங்கினார்கள், இரண்டு பேர் ஏறினார்கள். டிக்கெட் போட்டான். மிஷின் கிர்ர் என்று காகிதத்தைத் துப்பியது. சட்டைக்குள் வியர்வை முதுகுத்தண்டில் ஒரு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது, வெளியே காற்றாலைக் காற்றாடிகள் ஒன்றும் நடக்காத மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. இருநூற்றி ஐம்பத்தாறு. யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை, உள்ளே ஒரு பழைய கணக்குப்பிள்ளை இருக்கிறான், அவன் சொன்னான். முப்பத்தெட்டாயிரத்து நானூறை நூற்றைம்பதால் வகுத்தால் இருநூற்றி ஐம்பத்தாறு குவாட்டர், மீதி இல்லாமல் வகுபடுகிறது பார் என்றான். ஐந்து வருஷமாகப் பென்ஷன் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான் அந்தக் கழுதை, இன்னும் கணக்குப் புத்தகத்தை மூடவில்லை. செக்கிங் பிடித்துக்கொண்டு போனால் காசும் போச்சு, பேரும் போச்சு, அப்புறம் யாருக்காக விரதம், பேட்டை தாண்டினதும் இடதுபக்கம் ஒரு கடை இருக்கிறது, முதல் மடக்கு தொண்டையில் இறங்கும்போது காது மடல் சூடாகுமே, அந்தச் சூடு, அதற்குப் பிறகு மெமோ இல்லை, கவர் இல்லை, கவுண்டர் இல்லை. நாக்கு உண்மையாகவே ஊறியது. த்தூ என்று ஜன்னல் வழியாகத் துப்பினான். கத்தரிக்காய் அம்மாள், "என்ன கண்டக்டரே, பித்தமா? ஒரு எலுமிச்சம்பழம் இருக்கு, மோந்து பாக்கியா?" என்றாள். "வேண்டாம்த்தா" என்றான். மோந்து பார்ப்பது என்ற சொல்லே அவனுக்கு ஆகவில்லை. அவர்கள் சட்டைப் பையைத்தான் பார்ப்பார்கள், தோல்பையைத்தான் எண்ணுவார்கள், கால்சட்டைக்குள் கைவிடுகிற அளவுக்கு யார் போகப்போகிறார்கள். இருக்கா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிட வேண்டியதுதான். இல்லை என்று சொல்வதா அவனுக்குக் கஷ்டம்? குடிச்சியா, இல்லை. பீரோவில் காசு எடுத்தியா, இல்லை. அவளை அடிச்சியா, இல்லை, குழாயடியில் விழுந்தாள். வாழ்க்கையில் பாதியை அந்த ஒரு சொல்லை வைத்தே ஓட்டினவன்தானே. இன்னொரு தடவை சொன்னால் என்ன, அதுவும் இந்தத் தடவை நல்ல காரியத்துக்கு. நல்ல காரியத்துக்கு என்று நினைத்த இடத்தில் மனசு இடறியது. எல்லாத் தடவையும் ஏதோ ஒரு நல்ல காரியத்துக்குத்தான் சொன்னான்.

சீதபற்பநல்லூர் விலக்கில் வேப்பமரத்தடியில் ஜீப் நின்றது. இரண்டு பேர் கையைக் காட்டினார்கள். மாசானம் ஓரம் கட்டினான். முன்னால் ஏறினவர் தேவசகாயம், கண்ணாடி போட்ட, குரலை உயர்த்தாத மனுஷன், உயர்த்துகிறவர்களைவிட இந்த மாதிரி ஆட்களிடம்தான் கண்டக்டர்களுக்குப் பயம். இன்னொருவர் பின்வாசல் வழியாக ஏறிப் பயணிகளிடம் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். தேவசகாயம் மிஷினை வாங்கி ரிப்போர்ட் எடுத்தார், தோல்பையைக் காலியான சீட்டில் கவிழ்த்து எண்ணினார். சில்லறை சில்லறையாக, தாள் தாளாக எண்ணினார். மூவாயிரத்து இருநூற்றி அறுபத்தொன்று. மிஷினும் அதையே சொன்னது. "கரெக்ட்டா இருக்கு" என்றார், சந்தோஷமாகவும் இல்லை, ஏமாற்றமாகவும் இல்லை. வே பில்லை எடுத்தார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு தலைமாட்டுக் கட்டத்தைப் பார்த்தார். "கைப்பணம் நில்லுன்னு போட்டிருக்கீரு. வேற ஒண்ணும் இல்லேல்லா?" ஆவுடையப்பன் வாயைத் திறந்தான். இல்லை என்கிற சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அவன் கை, காலையில் நில் என்று எழுதின அதே கை, அவனைக் கேட்காமலே கால்சட்டைப் பைக்குள் போய் மஞ்சள் கவரை எடுத்து சீட்டில் வைத்தது. "இருக்கு சார். எழுத மறந்துட்டேன்" என்றான். தேவசகாயம் ரப்பர் பேண்டைக் கழற்றவில்லை. கட்டின் தடிப்பைப் பார்த்தார், இவன் முகத்தைப் பார்த்தார். "பஸ்ஸுல இவ்வளவு ஏதுவே? யாருக்குக் கொண்டுபோறீரு?" "எங்க வீட்டம்மா துட்டு சார். அவங்க திருநெல்வேலியில நிக்காங்க. ஆஸ்பத்திரிச் செலவுக்கு." "எல்லாரும் ஆஸ்பத்திரின்னுதான் சொல்லுதானுவ" என்றார் பின்னால் நின்றவர். தேவசகாயம் சட்டைப் பையிலிருந்து செல்லை எடுத்தார். "வீட்டம்மா நம்பரைச் சொல்லும். நீரு பேசாதேயும். நான் கேக்கேன்." தன் செல்லிலேயே அடித்து, சாட்சிக்குக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

மணி அடித்தது. எடுத்தாள். பின்னால் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுகிற சத்தம். "கண்டக்டர் ஆவுடையப்பன் வீட்டம்மாவா? செக்கிங் இன்ஸ்பெக்டர் பேசுதேன். இன்னைக்கு உங்க வீட்டுக்காரர்ட்ட எதும் பணம் குடுத்து விட்டீங்களாம்மா?" ஒரு மூச்சு இழுக்கிற சத்தம் ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது. பிறகு உலகம்மாள் மடமடவென்று பேசினாள். "பணமா? அவர்ட்ட ஏது சார் பணம்? ஒத்தப் பைசா கிடையாது. சம்பளத்தை அப்படியே எங்கிட்ட குடுத்துருவாரு. குடிக்கதையும் விட்டு அஞ்சு வருசம் ஆச்சு சார். எவனாவது மொட்டக் கடுதாசி போட்டிருப்பான், நம்பாதீங்க சார்." ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டான். பாவி, என்னைக் காப்பாத்துதா. பதினைந்து வருஷம் வாசலில் வந்து நின்ற கடன்காரன், போலீஸ்காரன், டிப்போக்காரன் எல்லாருக்கும் அவள் சொன்ன பதில் இது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அவன் கைக்கு நில் எப்படியோ அப்படி அவள் நாக்குக்கு இது. புருஷனைப் பற்றி எந்த அதிகாரி கேட்டாலும் இல்லை என்று சொல்லிவிடு. தேவசகாயம் இவனை நிமிர்ந்து பார்த்தார். பின்னால் நின்றவர் சீல் வைக்கிற கவரைப் பையிலிருந்து எடுக்கத் தொடங்கிவிட்டார். பேசாதேயும் என்று சொன்னது காதில் இருந்தாலும் ஆவுடையப்பன் செல்லுக்குக் குனிந்து கத்தினான். "உலகு, நான்தான். பக்கத்துலதான் நிக்கேன். நான் குடிக்கல. உள்ளதைச் சொல்லு. கவர்ல எவ்வளவு வச்சே, எதுக்கு வச்சே, எல்லாத்தையும் உள்ளபடி சாருட்ட சொல்லு." அந்தப் பக்கம் டோக்கன் கூப்பிடுகிறவன்கூட நிறுத்திவிட்டான் போலிருந்தது. "உள்ளபடியா?" என்று கேட்டாள். "உள்ளபடி" என்றான்.

"முப்பத்தெட்டாயிரத்து நானூறு சார்" என்றாள். குரல் இப்போது நிதானமாக இருந்தது. "ஐநூறு ரூவாத் தாள் எழுவத்தாறு, நூறு ரூவா நாலு. நூறு ரூவா நாலும் அடியில இருக்கும். நேத்து தபாலாபீஸ்ல எடுத்தது, என் பேருக்குப் புத்தகம் இருக்கு." தேவசகாயம் ரப்பர் பேண்டைக் கழற்றிக் கட்டைத் திருப்பினார். அடியில் நாலு நூறு ரூபாய். எண்ணத் தொடங்கியவர், எண்ணிக்கொண்டே, ஏதாவது கேட்டு வைக்கவேண்டுமே என்று கேட்டார். "என்ன செலவும்மா ஆஸ்பத்திரியில?" "பல்லு கட்டுததுக்கு சார். எனக்கு முன்பல்லு ரெண்டு இல்ல." "விழுந்துட்டா?" என்றார், ஒரு மரியாதைக்குத்தான். "விழல சார்" என்றாள் உலகம்மாள். "அவரு அடிச்சது. குடிச்சிட்டு அடிச்சாரு. இப்போ குடிக்காம மிச்சம் பிடிச்ச துட்டுல அவருதான் கட்டித் தாராரு." தேவசகாயத்தின் விரல் நாற்பதோ நாற்பத்தொன்றோ என்று ஒரு தாளில் நின்றுவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். பஸ்ஸில் ஐம்பது பேர் இருந்தார்கள், ஒருவர்கூட இருமவில்லை. கத்தரிக்காய் அம்மாள் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆவுடையப்பனைப் பார்த்தாள், பார்த்துவிட்டு முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள். எழுபத்தாறும் நாலும் சரியாக இருந்தது. தேவசகாயம் கட்டை ரப்பர் பேண்டு போட்டுக் கவருக்குள் வைத்து இவன் கையில் கொடுத்தார். வே பில்லில் சிவப்பு மையால் நாலு வரி எழுதிக் கையெழுத்து வாங்கினார். "எழுதாதது தப்புதான். மெமோ வரும், பதில் குடும்" என்றார். முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். செல்லை அணைக்க எடுத்தவர் அணைக்கவில்லை, அந்தப் பக்கம் இன்னும் ஆள் இருந்தது. "அப்பா" என்றது. உலகம்மாள் இல்லை, வினோதினி. தாயின் தோளுக்குப் பக்கத்திலேயே இருந்து எல்லாவற்றையும் கேட்டிருப்பாள். "அப்பா, குழாயடியில விழுந்ததுன்னுல்லா சொன்னிய?" தேவசகாயம் செல்லை அவன் பக்கமாக நீட்டினார். ஸ்பீக்கரை எப்படி நிறுத்துவது என்று ஆவுடையப்பனுக்குத் தெரியவில்லை, அது அவன் செல் இல்லை. "இல்ல தாயி" என்றான். "நான்தான்." மகள் வைத்துவிட்டாளா, வைக்காமல் இருக்கிறாளா என்று தெரியாமலே செல்லை அவரிடம் கொடுத்தான். இரண்டு பேரும் இறங்கிக்கொண்டார்கள். அவன் விசிலை ஊதினான், முதல் ஊதலில் காற்றுதான் வந்தது, இரண்டாவது ஊதலில் மாசானம் வண்டியை எடுத்தான். திருநெல்வேலிக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது.